விதைப் பொட்டலத்தில் விதைக்கும் பட்டத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 31 வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். போன மாசிக் கடைசியில் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் மாமியார் வீட்டுக்கே குடிவந்துவிட்டோம். அத்தை காலமான பிறகு ஒன்பது வருடம் பூட்டிக் கிடந்த வீடு. புறவாசலில் ஆறு சென்ட் இடம், ஒரு கிணறு, ஒரு வேம்பு, கிணற்றுப் பக்கம் சாய்ந்த ஒரு முருங்கை. காய்கறித் தோட்டம் போட வேண்டும் என்பது வேலையில் இருந்த காலம் முழுக்க எனக்கு இருந்த ஆசை.

நாங்கள் வந்தபோது பிசான நெல் அறுப்பு முடிந்திருந்தது. வயலெல்லாம் தாளடி, களத்தில் வைக்கோல் போர். பங்குனி பிறந்ததும் வேம்பு பூக்க ஆரம்பித்தது. காலையில் புறவாசல் கதவைத் திறந்தால் தரை முழுக்கப் பொரி இறைத்த மாதிரி பூ. ரசத்துக்கு ஆகுமே என்று முறத்தில் அள்ளிக் காயவைத்தேன். தெருக்கோடிப் புங்கமரம் நாலே நாளில் மொத்தமும் தளிராகிவிட்டது. அதன் இலையில் வெயில் பட்டால் எண்ணெய் தடவியது போல மின்னும். விடியும் முன்பே குயில் கூவ ஆரம்பித்துவிடும். இளவேனில் என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் படித்ததோடு சரி. கண்ணால் பார்க்க எனக்கு அறுபது வயதாகியிருக்கிறது.

அந்த உற்சாகத்தில் டவுனுக்குப் போய் ஒரு கடையில் விதைப் பொட்டலங்கள் வாங்கிவந்தேன். முட்டைக்கோஸ், கேரட், அவரை, வெண்டை. படம் அழகாகப் போட்டிருந்தது. எழுத்தெல்லாம் ஆங்கிலமும் இந்தியும். விதைக்கும் காலம் என்ற இடத்தில் 'ரபி', 'காரிஃப்' என்று வடநாட்டுப் பருவப் பெயர்கள்தான் இருந்தன. எந்த மாதம் என்று கடைக்காரரிடம் கேட்டேன். "எப்ப வேணா போடலாம்மா" என்றார். பங்குனி மூன்றாம் தேதி போட்டேன். பள்ளிக்கூடப் பழக்கம், எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவைத்திருக்கிறேன். கோஸ் விதை 60-இல் 41 முளைத்தது. இரண்டு இலை விட்டதும் ஒவ்வொன்றாகத் துவண்டு, பங்குனி 20-ஆம் தேதி மூன்று நாற்றுதான் மிச்சம். அதையும் வெயில் கொண்டுபோய்விட்டது. கேரட் இலையாகவே நின்றது, கீழே பிடுங்கிப் பார்த்தால் நூல் மாதிரி வேர். வெண்டை நன்றாகத்தான் வந்தது. ஆனால் வெள்ளை ஈ பிடித்து, இலை நரம்பு முழுக்க மஞ்சளாகிப்போனது. காலையும் சாயங்காலமும் குடம் குடமாக இறைத்து ஊற்றியிருக்கிறேன். ஒரு நாள் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதே விட்டேன்.

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எண்பது தாண்டியிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், அன்று உள்ளே வந்தார். "கோசு மலையில வெளையுதது தாயி. இங்க போடணும்னா பனி விழுத மாசத்துல போடணும். அவரைய ஆடியில போட்டாத்தான் தையில காய்க்கும். இப்பம் போட்டா கொடிதான் ஓடும்" என்றார். அவர் சொன்னது போலவே என் அவரை இன்று வரை வேப்பமரத்தின் பாதி உயரம் ஏறி, ஒரு பூ இல்லாமல் நிற்கிறது. பொழுது குறுகும் காலத்தில்தான் அவரை பூக்கும் என்பது பிறகுதான் புரிந்தது.

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பதை நான் வகுப்பிலேயே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். தைப் பட்டம், சித்திரைப் பட்டம் என்றும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் காய் வேறு வேறு என்பது ஆச்சி சொல்லித்தான் தெரியும். தைப் பட்டத்தைத் தவறவிட்டேன் என்று கோபித்துக்கொண்டார். அப்புறம் அவர் வீட்டு அடுக்களைக்குக் கூட்டிப்போனார். அடுப்புக்கு மேலே சுவரில் காய்ந்த சாணி வறட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து முழங்காலில் வைத்து இரண்டாக உடைத்தார். உள்ளே வரிசையாகச் சுரை விதை, வெள்ளைப் பல் மாதிரி, ஒன்றில்கூடப் பூச்சி ஓட்டை இல்லை. சாம்பல் கலந்து வைத்திருந்த சீனி அவரை (கொத்தவரை) விதையும் தண்டுக்கீரை விதையும் வகைக்கொரு கைப்பிடி கொடுத்தார். போன தையில் தன் தோட்டத்தில் எடுத்த வெண்டை விதையில் முந்தானை முடிச்சு அளவு தந்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "காய்ச்சதும் முத்தவிட்டு எனக்கு வெதை திருப்பித் தா" என்பதுதான் கணக்கு.

சித்திரை விசு கழிந்து மூன்றாம் நாள் போட்டோம். இந்தத் தடவை ஆச்சி சொன்னபடி எல்லாம். வெயில் காலத்துக்கு மேட்டுப்பாத்தி ஆகாது, தண்ணீர் நிற்கும்படி பள்ளப் பாத்திதான். புதுச் சாணியைக் கொட்டினால் சூடு, கரையானும் வரும். மக்கிய எரு மட்டும். வெண்டை விதையை முந்தின ராத்திரி ஊறவைத்து, அடிக்கு ஒன்றாக ஊன்றினோம். பாத்தி முழுக்கப் பிசான வைக்கோலை நாலு விரல் கனத்துக்குப் பரப்பினோம். அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினாலே வைக்கோலுக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் அடைத்துவிட்டிருந்தார்கள், கிணறும் கீழே இறங்கியிருந்தது. அந்த வைக்கோல் இல்லாவிட்டால் எதுவும் பிழைத்திருக்காது.

27-ஆம் நாள் தண்டுக்கீரை பறித்தேன். வைகாசி பிறந்து இரண்டாம் வாரம் வெண்டை பூத்தது. இளமஞ்சள் இதழ், நடுவில் நாவல்பழக் கறை மாதிரி ஒரு வட்டம். மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும் என்பதால் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு விடிந்ததும் போய்ப் பார்ப்பேன். சுரையில் முதலில் வந்ததெல்லாம் ஆண் பூ. காய் பிடிக்கவில்லையே என்று பயந்தேன். பொறு என்றார் ஆச்சி. ஒரு சாயங்காலம் வெள்ளைப் பூ ஒன்றின் கீழே கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பிஞ்சு, உடம்பெல்லாம் பூனை ரோமம். தொட்டால் அழுகும் என்று ஆச்சி சொன்னதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வெண்டை, சீனி அவரை, முருங்கைக்கீரை எல்லாம் போட்டுக் கூட்டாஞ்சோறு வடித்து ஆச்சிக்கும் கொடுத்தேன்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஓய்வு பெற்றோ, நகர வாடகை கட்டுப்படியாகாமலோ ஊருக்குத் திரும்புகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். எல்லோருக்கும் தோட்டத்து ஆசை இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் பக்கத்து வீட்டில் ஓர் ஆச்சி இருக்க மாட்டார். முதல் தடவை விதை பட்டுப்போனால் 'நமக்குக் கைராசி இல்லை' என்று விட்டுவிடுகிறார்கள். தப்பு கையில் இல்லை, மாதத்தில் இருக்கிறது.

விதைச் சட்டம் 1966-லேயே வந்துவிட்டது. முளைப்புத் திறன் எவ்வளவு, பரிசோதித்த தேதி எது என்றெல்லாம் அட்டையில் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. என் பொட்டலத்திலும் அவை இருந்தன. அதே அட்டையில் தமிழில் ஒரே ஒரு வரி கூடுதலாகக் கேட்கிறேன். 'சமவெளியில் தை, ஆடி. மலையில் இந்த மாதம்' என்று இருந்தால் போதும். உதகைக்குச் சரியான காலம் எங்கள் அம்பாசமுத்திரத்துக்குச் சரியாகாது. ஒட்டு ரகமா, நாட்டு ரகமா என்பதும் தமிழில் பெரிய எழுத்தில் வேண்டும். வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்து மறுபடி போட்டால் தாய்ச்செடி போல வராது. அது தெரியாமல் ஆச்சிக்கு நான் விதை திருப்பிக் கொடுத்திருந்தால் அவர் தோட்டத்தையும் கெடுத்திருப்பேன்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் எல்லாம் தமிழிலேயே இருக்கிறது என்று மகன் போனில் காட்டினான். உண்மைதான், நல்ல விவரங்கள். ஆனால் கணக்கெல்லாம் எக்டருக்கு, அதாவது பத்தாயிரம் சதுர மீட்டருக்கு. வெண்டைக்கு எக்டருக்கு 8 கிலோ விதை என்றால், பத்து சதுர மீட்டர் பாத்திக்கு 8 கிராம். நான் வகுத்துக்கொள்வேன், பலருக்கு அதைப் பார்த்ததுமே இது விவசாயிக்கு எழுதியது, நமக்கில்லை என்று தோன்றிவிடும்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தினமும் ராசிபலனும் தங்கம் விலையும் போடுகிறீர்கள். ஒவ்வொரு பட்டத்துக்கும் முந்தின வாரம் கால் பக்கம் ஒதுக்கி, எந்த மாவட்டத்தில் என்ன காய் போடலாம், ஒரு சென்ட்டுக்கு எவ்வளவு விதை, எத்தனை நாளில் பறிக்கலாம் என்று வெளியிட வேண்டும். தோட்டக்கலை அதிகாரிகளிடம் கேட்டு வாங்கலாம். ஊர் ஊருக்கு இருக்கும் ஆச்சிகளிடமும் கேட்க வேண்டும். எங்கள் பக்கம் ஆனியிலேயே காற்றும் சாரலும் வந்துவிடும், அதற்கு முன்பே பந்தல்காலை ஆழ ஊன்ற வேண்டும் என்பது போன்ற விஷயங்கள் அவர்களிடம்தான் கிடைக்கும்.

இன்று வைகாசி 30. ஆடி பிறக்க இன்னும் ஐந்து வாரம் போல இருக்கிறது. அதற்குள் முதல் பட்டியல் வந்துவிட்டால், ஆச்சிக்கு வாசித்துக்காட்டி, திருநெல்வேலிப் பகுதிக்கு ஏதாவது திருத்தம் சொன்னால் உடனே எழுதி அனுப்புகிறேன். முற்றவிட்ட முதல் வெண்டையை நேற்றுதான் நூல் கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
அம்பாசமுத்திரம் வட்டம்