கிரானிட்வில் ஆலை வீடு: சீரமைப்பு நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம். தென் கரோலினாவின் கிரானிட்வில்லில் நாம் கையில் எடுத்த பழைய ஆலைத் தொழிலாளர் வீட்டின் பழுதுபார்ப்பு ஒருவழியாக முடிந்தது. வரவு செலவு தனித்தாளில் இருக்கிறது. வேலை இழுத்ததற்குக் காரணம் பாதி மரம், பாதி நாம்தான்.

முதலில் மரம். குத்தாக நிறுத்திய பலகைகள், இடுக்கை மறைக்கும் மெல்லிய சட்டங்கள், செங்குத்தான கூரை: 1840களின் கடைசியில் வில்லியம் கிரெக் தன் பஞ்சாலை ஆட்களுக்குக் கட்டிய வீடுகளின் பாணி இது. மழை தெறிக்கும் அடிப்பக்கம் மட்டும்தான் உளுத்திருந்தது. முழுப் பலகையையும் கழற்றிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். குழு சம்மதிக்கவில்லை. ஒரு முழம் அறுத்து, கீழே புது மரம் ஒட்டுப் போட்டோம். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும் என்பதால் உலர்ந்தபடி சுரண்டாமல் நனைத்து நனைத்து எடுத்தோம். நாள் போனது அதில்தான்.

அப்புறம், வீட்டின் வரலாற்றைச் சொல்லும் வாசல் அறிவிப்புப் பலகை. அதற்குத்தான் மூன்று கூட்டம்!

அதில் ரயிலைப் பற்றி எழுதியதில் யாருக்கும் தகராறு இல்லை. சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து இதே மாநிலத்து ஹாம்பர்க் வரை 136 மைல் தண்டவாளம், 1833-இல் உலகிலேயே நீளமானது. பக்கத்து ஊரான ஏக்கன் வழியாகத்தான் அது போனது. சார்ல்ஸ்டனில் நகை வியாபாரம் செய்த கிரெக் 1845-இல் கம்பெனி தொடங்கியபோது பருத்தி அருகில் விளைந்தது, சக்கரம் சுற்ற ஹார்ஸ் கிரீக் ஓடை இருந்தது, துறைமுகத்துக்கு ரயில் இருந்தது. பள்ளிக்கு வராத பிள்ளைக்கு நாளொன்றுக்கு 5 சென்ட் அபராதம் போட்டார் என்பதும் எல்லோருக்கும் பிடித்த கதை.

அந்தப் பருத்தியை விளைவித்தது அடிமைகள், ஆலைக்குள் வேலையோ வெள்ளையருக்கு என்று எழுதியபோதுதான் சிலர் முகம் சுளித்தார்கள். இரு இனத்தாரும் ஆலையின் ஒரே அறையில் வேலை செய்யக்கூடாது என்று 1915-இல் மாநிலச் சட்டமே வந்ததையும் சேர்த்தோம். பள்ளிக்கூடக் கதையை மட்டும் வைத்தால் அது கிரெக்கின் விளம்பரப் பலகையாகிவிடும்.

கடைசிப் பத்தி, 2005 ஜனவரி 6 அன்று இதே ஊரில் நடந்த ரயில் விபத்து. கிளைப் பாதைக்குத் திருப்பிய தண்டவாள விசையை யாரும் பழையபடி மாற்றிவைக்கவில்லை. பின்னிரவு 2.39-க்கு வந்த சரக்கு ரயில் அங்கே நின்ற ரயிலில் மோதி, குளோரின் டேங்கர் கிழிந்து நச்சு வாயு பரவியது. 9 பேர் இறந்தார்கள், இரவு ஷிப்டில் இருந்த ஆலைத் தொழிலாளர்களும் அதில் உண்டு. சுமார் 5,400 பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். வாயு ஆலை இயந்திரங்களையும் அரித்தது. 2006-இல் ஆலை மூடப்பட்டது. வலிக்கும், வேண்டாம் என்றவர்களின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டோம். ஆனாலும் பத்தியை எடுக்கவில்லை. துருப்பிடித்த ஆணிகளைக் காட்டி, அதுவும் அந்த வாயுவின் வேலைதான் என்றார் ஓர் உறுப்பினர். மழை, ஐயா, வெறும் மழை என்றார் தச்சர். அந்தப் பேச்சு வாசல் பலகையில் இல்லை.

பின்பக்கக் கூரையின் மழைநீர்த் தகரம் பாக்கி. அது மாட்டும்வரை அந்தப் பக்கத் திண்ணையில் யாரும் ஏற வேண்டாம்.

இப்படிக்கு,
சீரமைப்புக் குழு