டோங்ஹாய் பாலமும் கடல் உப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சீனாவின் ஷாங்காயை யாங்ஷான் தீவுத் துறைமுகத்தோடு இணைக்கும் டோங்ஹாய் கடல்பாலம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். 32.5 கி.மீ. நீளம், ஆறு வழித்தடம், 2005 டிசம்பரில் திறப்பு என்ற விவரங்களெல்லாம் சரி. யாங்சி முகத்துவாரத்தில் வண்டல் படிவதால் பெரிய கப்பல்களுக்கு ஆழம் போதவில்லை, அதனால்தான் துறைமுகம் தீவுக்குப் போனது என்று விளக்கியதும் நன்று. ஆனால் பாலத்தின் ஆயுள் 100 ஆண்டு என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கடலில் அந்த 100 ஆண்டைப் பெறுவதுதான் பெரும்பாடு.

கடல்நீரின் உப்பில் உள்ள குளோரைடு, கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே ஊறி, உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை அடைகிறது. கம்பியின் மேலுள்ள காப்புப் படலம் அதனால் உடைந்து துரு ஏறுகிறது. துருவுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். அது உப்பி, கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதியில் ஆக்சிஜன் குறைவு, அங்கே அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும். ஓதம் ஏறி இறங்கும் மட்டமும் அலை தெறிக்கும் மட்டமும்தான் ஆபத்தானவை. நனைந்து காயும் ஒவ்வொரு முறையும் அங்கே உப்பு கூடுகிறது. பாம்பனில் உப்புக்காற்று இரும்பைப் படுத்தும் பாட்டைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

இதற்காக டோங்ஹாயில் சிமெண்டோடு இரும்பு உலைக்கசடும் ஃபிளை ஆஷும் (அனல்மின் நிலையச் சாம்பல்) சேர்த்து, துளை குறைந்த கான்கிரீட்டைப் பயன்படுத்தினார்கள். தூண்கள் மேல் அமரும் 60, 70 மீட்டர் நீளக் கர்டர்களை (உத்தரங்களை) கரையிலேயே முழுதாக வார்த்து, ராட்சத மிதவை கிரேனால் தூக்கி வைத்தார்கள். ஒரு கர்டரின் எடை 2,000 டன் வரை வரும். வேகம் மட்டும் இதற்குக் காரணமல்ல. கடல் நடுவே வார்த்தால் கியூரிங் (கான்கிரீட்டை ஈரமாக வைத்து இறுகவிடுவது) கெடும், தரம் கையை விட்டுப் போகும்.

இந்தக் கலவையிலும் ஒரு சிக்கல் உண்டு. அதில் வலிமை மெதுவாகத்தான் ஏறும். நல்ல தண்ணீரில் போதிய நாள் கியூரிங் செய்யாவிட்டால், மேல்தோலே துளை நிறைந்ததாகிவிடும். கம்பிக்கு வெளியே எத்தனை மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்) என்று வரைபடத்தில் எழுதினால் போதாது. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக், பாலத்தின் கான்கிரீட்டைவிடத் தரம் குறைந்ததாக இருந்தால், உப்பு அதன் வழியாகவே நேராகக் கம்பிக்குப் போய்விடும். எந்த நாட்டிலும் வேலைத்தளத்தில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இந்தச் சின்னத் துண்டுதான்.

இன்னொரு விஷயத்தையும் கட்டுரை சொல்லவில்லை. இந்தப் பாலத்தில் ரயில் பாதை கிடையாது. தரைவழியாக யாங்ஷானுக்குப் போகும் கண்டெய்னர் எல்லாம் லாரியில்தான் போக வேண்டும். பலத்த காற்றாலோ மூடுபனியாலோ பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினால், லாரிகள் கரையிலேயே நிற்கும்.

அடுத்த கட்டுரையில் பராமரிப்பைப் பற்றி எழுதுங்கள். தூண்களில் சுத்தியலால் தட்டி உள்வெற்றிடம் பார்ப்பது, ஆழம் ஆழமாகத் துளையிட்டுத் தூள் எடுத்து உப்பின் அளவைச் சோதிப்பது, துரு ஏறுகிறதா என்று அறியக் கம்பியின் மின்னழுத்தத்தை அளப்பது என நிறைய இருக்கிறது. வெடிப்பு வெளியே தெரியும்போது உள்ளே துரு ஏறிப் பல காலம் ஆகியிருக்கும். உப்பு கம்பியைத் தொடுமுன் கண்டுபிடித்தால் செலவும் குறைவு.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர் ஒருவர்,
தூத்துக்குடி