ஒரு பெட்டி பானை ஓடு கேட்டு ஒரு மடல்

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நங்கநல்லூரிலிருந்து எழுதுகிறேன். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஏழு குடும்பங்கள் நாங்கள். ஆறு வயது முதல் பதின்மூன்று வரை பதினோரு பிள்ளைகள். புதன்கிழமைதோறும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடி வரலாறு படிக்கிறோம். படிக்கிறோம் என்பதைவிடச் செய்து பார்க்கிறோம் என்பதுதான் சரி.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். அதைக் கேட்கும் தைரியம் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு இரவு ரயில் பிடித்துக் கீழடிக்குப் போனோம். 2023-இல் நீங்கள் திறந்த அருங்காட்சியகத்தைப் பார்க்க. கருப்பு சிவப்புக் கிண்ணம் ஒன்றின் முன்னால் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். "உள்ளே மட்டும் ஏன் கருப்பு? வெளியே யார் பெயின்ட் அடிச்சாங்க?" என்று கேட்டாள். பெயின்ட் இல்லை, சுடும் விதத்தில் வருவது என்று சொன்னேன். எப்படி என்றாள். கவிழ்த்து வைத்துச் சுடுவார்கள், உள்ளே காற்றுப் போகாது என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். அவள் முகத்தில் நம்பிக்கையே இல்லை. உண்மையில் எனக்கும் அது வெறும் வரிதான்.

ஊர் திரும்பியதும் கொசப்பேட்டைக் குயவர் ஒருவரிடம் களிமண் வாங்கி வந்தோம். பதினான்கு கிண்ணங்கள் வனைந்தோம். பாதி காய்ந்த பதத்தில் கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும், அப்போதுதான் அந்த வழவழப்பு வரும் என்று அவரே சொல்லித் தந்தார். ஒரு கிண்ணத்தைத் தேய்க்க ஒரு பிள்ளைக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஆனது. திருவள்ளூர்ப் பக்கம் உறவினர் ஒருவரின் வயலில் குழி வெட்டி, கிண்ணங்களுக்குள் உமியும் வைக்கோலும் திணித்துக் கவிழ்த்து, சுற்றிலும் வரட்டி அடுக்கிச் சுட்டோம். ஈரம் சரியாகப் போகாததால் ஐந்து வெடித்தன. ஏழு முழுக்கக் கருத்துப்போயின. இரண்டே இரண்டு, வெளியே சிவந்தும் உள்ளேயும் விளிம்பிலும் கரிய நிறமாகவும் வந்தன. சாம்பலை ஊதி அந்த முதல் கிண்ணத்தை வெளியே எடுத்தபோது யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காற்றுப் பட்ட இடத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது, காற்றில்லாத இடத்தில் புகையேறிக் கருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இதை இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெடித்த ஐந்தையும் வீணாக்கவில்லை. கீழடி ஓடுகளில் 'ஆதன்' என்றும் 'குவிரன் ஆதன்' என்றும் பெயர் கீறியிருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருந்தார்கள். அதேபோல் சுட்ட ஓட்டின் மேல் ஆணியால் தங்கள் பெயரைத் தமிழியில், அதாவது தமிழின் பழைய எழுத்தில் (தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள்), கீறினார்கள். சுட்ட மண்ணில் வளைவு இழுப்பது எவ்வளவு பாடு என்று கைதான் சொன்னது. நேர்கோடு எளிதாக வருகிறது, வளைவு வழுக்குகிறது. பதினோரு ஓட்டையும் வரிசையாக வைத்ததும் எது யாருடையது என்று கையெழுத்தை வைத்தே பிரித்துவிட்டார்கள். கீழடி ஓடுகளில் எழுத்தின் பாணி ஒன்றுக்கொன்று மாறுவதால் பலர் கைப்பட எழுதியவை அவை என்று உங்கள் அறிக்கை சொல்கிறதே, அந்த இடத்துக்கு அவர்கள் தாமாகவே வந்து சேர்ந்தார்கள்.

எகிப்தும் செய்தோம். பிள்ளைகளுக்கு மம்மி என்றால் போதும். ஆப்பிளை உப்பிலும் சமையல் சோடாவிலும் புதைத்து வைத்துப் பார்த்தபோது, "இது கருவாடு போடற மாதிரிதானே" என்று காசிமேட்டில் பாட்டி வீடு உள்ள பையன் சொன்னான். ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அழுகாது என்பதை அவன் ஏற்கெனவே அறிந்திருந்தான். அதைவிட அவர்களை அசைத்தது செங்கடல் கரையில் குசேர் அல்-காதிமில் கிடைத்த ஓடு. அதில் தமிழி எழுத்தில் 'பானை ஒறி' என்று இருக்கிறது. ஒறி என்றால் பானை தொங்கவிடும் கயிற்று உறி என்கிறார்கள். கிருஷ்ண ஜயந்திக்கு உறியடி பார்த்த பிள்ளைகள் அல்லவா, அன்றே தேங்காய் நாரில் கயிறு திரித்து ஓர் உறி பின்னினார்கள். அதே கடற்கரையின் இன்னொரு பழைய எகிப்தியத் துறைமுகமான பெரெனிகேயில் நம் பக்கத்து மிளகு ஏழரைக் கிலோ ஒரு சாடியில் கிடைத்ததைச் சொன்னதும், ஏழரைக் கிலோ எவ்வளவு இருக்கும் என்று மளிகைக் கடையில் போய் மூட்டையைத் தூக்கிப் பார்த்து வந்தார்கள்.

அகழாய்வுப் பெட்டி பற்றியும் சொல்லியாக வேண்டும். மீன் கடையில் வாங்கிய தெர்மாகோல் பெட்டியில் ஆற்று மணல், செம்மண், கரி என்று அடுக்கடுக்காகப் போட்டு, உள்ளே பொருள்களைப் புதைத்து, மேலே நூலால் கட்டம் கட்டினேன். ஓர் ஏழு வயதுப் பையன் ஆர்வத்தில் ஒரு பாசிமணியைச் சட்டென்று பிடுங்கிவிட்டான். எந்த அடுக்கில் இருந்தது என்று கேட்டபோது அவனால் சொல்ல முடியவில்லை. மற்றவர்கள் திட்டவில்லை. குறிப்பேட்டில் அந்த மணிக்கு எதிரே வெற்றிடம் விட்டார்கள். அவன் அழுதான். அதற்குப் பிறகு எந்தத் தொல்லியல் இடத்துக்குப் போனாலும் தரையில் கிடக்கும் ஓட்டை அவன் தொடுவதில்லை, மற்றவர்களையும் தொட விடுவதில்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தை நான் சொல்லிப் புரிய வைத்திருந்தால்கூட இவ்வளவு பதிந்திருக்காது.

இப்போது வேண்டுகோளுக்கு வருகிறேன். தொடக்கூடாது என்று கற்றுவிட்ட இந்தப் பிள்ளைகளுக்குத் தொடுவதற்கு ஓர் இடம் வேண்டும். அதை உங்களால் மட்டுமே தர முடியும்.

ஒவ்வோர் அகழாய்விலும் எழுத்தோ குறியீடோ இல்லாத சாதாரண ஓடுகள் குவியல் குவியலாக வருகின்றன. எண்ணி, எடை போட்டு, பதிவு செய்து முடித்தபின் ஆய்வுக்கு இனித் தேவைப்படாதவை இருக்குமானால், அவற்றில் ஒரு பெட்டி போதும். விளிம்பு, அடிப்பகுதி, உடல் பகுதி என்று கலந்து முப்பது ஓடு. நூல் நூற்கும் தக்களி பழுதானது ஒன்று, ஒரு வட்டச் சில்லு சேர்ந்தால் இன்னும் நல்லது. எழும்பூர் ஹால்ஸ் சாலையில் உங்கள் அலுவலகத்திலேயே, மாதம் ஒரு வேலை நாளில், இரண்டு மணி நேரம். ஆய்வாளர் ஒருவர் உடன் இருந்தால் அது எங்கள் பாக்கியம். பெட்டி உங்கள் மேசையை விட்டு எங்கும் போக வேண்டாம்.

கல் கருவிகளைப் பார்க்கப் பூண்டி அருங்காட்சியகம் இருக்கிறது. 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்தில் முதல் கைக்கோடரியைக் கண்டெடுத்தது எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நாங்கள் போகும் ஊர்தான். அதே ஆண்டு அவர் போன அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டு பழைய கருவிகள் கிடைத்திருக்கின்றன. அந்தக் கருவிகளைச் செய்த குவார்ட்சைட் என்ற கடினக் கல்லின் கனத்தைச் சென்னைப் பிள்ளை ஒருமுறை உள்ளங்கையில் உணர வேண்டும். அசல் முடியாதென்றால் அதே கல்லில் செய்த நகல் போதும், பிளாஸ்டர் வேண்டாம். பிளாஸ்டரில் கனமும் இல்லை, விளிம்பும் இல்லை.

இன்னொன்று. ஓரிடத்தில் (உங்கள் துறையைச் சேர்ந்ததல்ல) தலைமையாசிரியர் கடிதம் இல்லாததால் எங்கள் குழுவைச் சேர்க்கவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் இல்லை. திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுதப் போகிறவர்கள் இவர்கள். பெற்றோர் கையெழுத்தையே ஏற்றுக்கொள்ளும் ஒரு படிவம் இருந்தால் எங்களுக்கு மட்டுமல்ல, டியூஷன் அக்காக்களும் தெரு நூலகம் நடத்தும் இளைஞர்களும்கூடப் பிள்ளைகளை அழைத்து வர முடியும்.

பிள்ளைகள் கை கழுவிவிட்டுத்தான் தொடுவார்கள். ஒவ்வோர் ஓட்டையும் இரு கையால், மேசைக்கு மேலேயே பிடிப்பார்கள். முப்பது எண்ணி வாங்கி முப்பது எண்ணித் தருவோம். ஒவ்வொன்றையும் வரைந்து, அளந்து, எங்கே கிடைத்தது என்று நீங்கள் சொல்வதைக் குறித்துக்கொள்வார்கள்.

எந்தப் புதன்கிழமை என்று மட்டும் சொல்லுங்கள். திருவள்ளூர் வயலில் சுட்ட அந்த இரண்டு கிண்ணங்களையும் கொண்டுவருகிறோம். நாங்கள் தேய்த்த வழவழப்பும் அவர்கள் தேய்த்த வழவழப்பும் ஒன்றுதானா என்று அந்தப் பெண் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மிக்க மரியாதையுடன்,
பதினோரு பிள்ளைகளுக்காக ஒரு தாய்,
நங்கநல்லூர், சென்னை.