கலாவுக்கு, அம்மாவை அழைத்து வருமுன்

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். ஒசாகாவில் வேலை உறுதியாகிவிட்டது என்று படித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரம்தான், நினைத்தால் வந்து நிற்பேன். பத்மாவிடம் சொன்னேன். "அவளா, ஜப்பானிலா? அங்கே ரயில் யாருக்காகவும் நிற்காதே!" என்று சிரித்து முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது.

உன் கடிதத்தில் பாதி நிலநடுக்கம் பற்றித்தான். அதை முதலில் முடித்துவிடுகிறேன். வீடு பார்க்கும்போது 1981 ஜூனுக்குப் பிறகு கட்டட அனுமதி வாங்கியதுதானா என்று தரகரிடம் கேள். நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கட்டும் விதியைக் கடுமையாக்கியது அப்போதுதான். உயரமான அலமாரி எதுவானாலும் சுவரோடு பிணைத்துவிடு. 2018 ஜூனில் ஒசாகாவில் வந்த நடுக்கத்தில் புத்தக அலமாரி சாய்ந்தே ஒரு பெரியவர் இறந்துபோனார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டார்ச், ஒரு ஜோடி செருப்பு. மீதியை அக்கம்பக்கத்துக்காரர்களைப் பார்த்துச் செய். அவர்களுக்கு இது சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

என் பயமெல்லாம் நீ ஒரே வரியில் தாண்டிப் போன விஷயத்தில்தான். "அம்மாவையும் மூன்று மாதம் கூட்டி வருகிறேன், மாத்திரை மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன், பார்த்துக்கலாம்." உன் "பார்த்துக்கலாம்" எனக்குத் தெரியாதா? ஹாஸ்டலில் அதை நம்பி நாங்கள் மூன்று பேரும் பட்டது போதும். அம்மா விஷயத்தில் வேண்டாம்டி.

போன வாரம் எங்கள் மாடி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் மாமனார் விசிட்டர் விசாவில் வந்திருந்தார். ராத்திரி குளியலறை வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். 119-க்கு அழைத்தோம். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் இங்கே ஒரே எண்தான், போலீஸுக்கு 110. வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. வந்தவர்கள் பொறுமையும் மரியாதையுமாக நடந்துகொண்டார்கள், காசும் கிடையாது. ஆனால் அவரை ஏற்றிய பிறகு வண்டி நகரவில்லை! விளக்கு சுழன்றுகொண்டிருக்க, ஒருவர் உட்கார்ந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போன் போடுகிறார். ஒரு இடத்தில் படுக்கை இல்லை, இன்னொரு இடத்தில் அந்தத் துறை டாக்டர் ராத்திரியில் இல்லை. எங்காவது "சரி, கொண்டு வாருங்கள்" என்றால்தான் இங்கே ஆம்புலன்ஸ் கிளம்பும்.

அந்த நேரமெல்லாம் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இவர் என்ன மருந்து சாப்பிடுகிறார்? மருமகள் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டு வந்தாள். உள்ளே எல்லாம் கத்தரித்த ஸ்டிரிப்புகள். கடைக்காரர் பத்து, ஐந்து என்று வெட்டிக் கொடுத்ததில் பெயர் அச்சடித்த பக்கம் போய்விட்டது. மிச்சம் இருந்தது பாதி எழுத்தும் ஒரு தேதியும். "வெள்ளை மாத்திரை சர்க்கரைக்கு, மஞ்சள் பிரஷருக்கு" என்று அவள் அழுதுகொண்டே சொல்ல, நான் அதை ஜப்பானிய மொழியில் சொன்னேன். எதிரில் இருந்தவர் அதை வைத்துக்கொண்டு போனில் என்னதான் சொல்வார்? எப்படியோ ஒரு ஆஸ்பத்திரி ஏற்றுக்கொண்டது. சர்க்கரை கீழே இறங்கியிருந்திருக்கிறது. இப்போது நன்றாக நடமாடுகிறார். எனக்குத்தான் இன்னும் தூக்கம் சரியில்லை, ஏனென்றால் அந்த டப்பாவைப் பார்த்தபோது அம்மாவின் மாத்திரைப் பெட்டிதான் கண்ணுக்குள் வந்தது.

அதனால் நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கேள். அம்மா "கிளைகோமெட்" என்பார். அது நம் ஊர் வணிகப் பெயர், இங்கே எடுபடாது. மெட்ஃபார்மின் என்று மூலப்பெயரைச் சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியும். ஒவ்வொரு மாத்திரைக்கும் மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை என்று நம் டாக்டரிடம் தட்டச்சு செய்து கையெழுத்து வாங்கு. ஸ்டிரிப்பை வெட்டாமல் முழுதாக வாங்கு.

அப்புறம், மூன்று மாதத்து மருந்தை அப்படியே பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட முடியாது. டாக்டர் சீட்டு மருந்து ஒரு மாதத்துக்கு மேல் என்றால் இந்த நாட்டுச் சுகாதார அமைச்சகத்திடம் முன்கூட்டியே சான்று வாங்க வேண்டும். "யுன்யு காகுனின்ஷோ" என்பார்கள். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். டிக்கெட் போட்டதும் அதைத் தொடங்கிவிடு. சளி மாத்திரைகளையும் பார்த்து எடு. சூடோஎஃபெட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொண்டுவரவே தடை, விமான நிலையத்தில் பெரிய வம்பாகிவிடும். இங்கே வந்து பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதே. இந்த ஊர் டாக்டர் எழுதிய சீட்டுதான் செல்லும், அதுவும் எழுதிய நாளையும் சேர்த்து நான்கே நாள்.

பணம் இன்னொரு கவலை. உனக்குப் பிரச்சினை இல்லை. கம்பெனி இன்ஷூரன்ஸில் சேர்த்துவிடுவார்கள், பிரீமியத்தில் பாதி அவர்களே கட்டுவார்கள். செலவில் 30 சதவீதம்தான் நீ கொடுப்பது. பெரிய செலவு வந்தாலும் சம்பளத்துக்கு ஏற்றபடி மாத உச்சவரம்பு உண்டு. நான் இந்த நாட்டில் மனதாரப் பாராட்டும் ஏற்பாடு இது. ஆனால் 90 நாள் விசாவில் வரும் அம்மாவை இதில் சேர்க்க வழியில்லை. முழுச் செலவும் உன் கையிலிருந்துதான். இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு ஆஸ்பத்திரி தானே கட்டணம் வைக்கலாம் என்பதால் இரண்டு மடங்கு வாங்கும் இடங்களும் உண்டு. பாக்கி வைத்தால் விவரம் குடிவரவுத் துறைக்குப் போய், அடுத்த விசாவுக்குச் சிக்கலாகும். பயண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தருவார்களா என்ற அந்த ஒரு விதியை மட்டுமாவது படித்துப் பார். சர்க்கரைக்காரர்களுக்கு அங்கேதான் கையை விரிப்பார்கள். கூடுதல் பணம் கட்டி அதையும் சேர்க்கிற பாலிசியாகத் தேடு.

இங்கே சாதாரணக் காய்ச்சலுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்காதே. தெருமுனை கிளினிக்குக்குத்தான் முதலில் போக வேண்டும். அங்கிருந்து கடிதம் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் 7,000 யென்னுக்குக் குறையாமல் தனியாக வசூலிப்பார்கள். ராத்திரியில் ஆம்புலன்ஸ் கூப்பிடுவதா வேண்டாமா என்று தடுமாறினால், ஒசாகாவில் #7119-இல் ஆலோசனை கேட்கலாம். அம்மா வந்த முதல் வாரமே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, பக்கத்து கிளினிக்கில் ஒரு தடவை காட்டிவிடு. பேர் பதிந்த ஆளாக இருப்பதில் எனக்கு நிறைய நம்பிக்கை உண்டு.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது உத்தரவாதம் கொடுக்க ஆள் கேட்பார்கள். யோசிக்காமல் என் பெயரையும் நம்பரையும் எழுது.

இந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவின் மாத்திரைகளை மேசையில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பு. எங்கள் தெரு மருந்துக்கடைப் பெண்மணி நல்லவர், ஒவ்வொன்றுக்கும் ஜப்பானிய எழுத்தில் பெயர் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி நானே ஒரு நாள் பேசுகிறேன், உன்னைவிட என் பேச்சைத்தான் அவர் கேட்பார்.

அன்புடன்,
உஷா