மேட்டில் விழுந்த முதல் புள்ளி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே மழையோடு வயிற்றுப்போக்கும் வந்துவிட்டது, அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

நோய் வந்தவர்களின் வீடுகளைக் கம்ப்யூட்டர் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தால் நோய் எப்படிப் போகும் என்று கேட்டிருந்தாய். அதற்குக் கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டி நாட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

2010 ஜனவரியில் அங்கே பெரிய பூகம்பம். தலைநகரில் லட்சக்கணக்கானோர் கூடாரங்களில் கிடந்தார்கள். அக்டோபரில் காலரா கிளம்பியதும் எல்லோரும் பயந்தது அந்தக் கூடாரங்களை நினைத்துத்தான். நவம்பரில் ரெனோ பியாரூ என்ற பிரெஞ்சு மருத்துவர் அங்கே போனார். எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை பேர் என்று ஹைட்டி சுகாதாரத் துறையினரோடு உட்கார்ந்து நாள்வாரியாக வரைபடம் போட்டார். பார்த்தால், ஆரம்ப நாட்களில் நோய் குவிந்திருந்தது கூடாரங்களில் இல்லை, ஆர்ட்டிபோனிட் ஆற்றை ஒட்டிய ஊர்களில். கழிமுகப் பக்கம் பல ஊர்களில் அக்டோபர் 20 வாக்கில் ஒரே சமயத்தில் மளமளவென்று ஆட்கள் விழுந்திருந்தார்கள்.

அதற்குச் சில நாள் முன்பே, ஆற்றின் மேல்பக்கம், மிர்பலே ஊருக்கு அருகில் ஒரு சின்னக் கிராமத்தில் முதல் நோயாளிகள். பக்கத்திலேயே ஐ.நா. அமைதிப்படை முகாம். நேபாளத்திலிருந்து வீரர்கள் வந்து இறங்கியிருந்த நேரம். முகாமின் கழிவு அங்கிருந்த ஓடையில் கலந்தது, ஓடை போய்ச் சேர்வது ஆற்றில். கிருமி ஏற்கெனவே கடலோரத் தண்ணீரில் இருந்ததுதான் என்று சிலர் வாதாடினார்கள். அப்படியானால் முதல் புள்ளி கரையோரத்தில்தானே விழுந்திருக்க வேண்டும்? அது மேட்டில் விழுந்திருந்தது.

2011இல் பியாரூவின் கட்டுரை வந்தது. ஹைட்டிக் கிருமியும் நேபாளக் கிருமியும் கிட்டத்தட்ட ஒன்றே என்று மரபணுச் சோதனையும் அதே ஆண்டு காட்டியது. ஐ.நா. மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில். கிட்டத்தட்ட 10,000 பேர் செத்த பிறகு, செல்வம்! இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறாது.

அப்புறம் அதே படம்தான் வேலைக்கும் வழிகாட்டியது. எங்கே ஒருவருக்குப் பேதி என்று தகவல் வந்தாலும், குழு அந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போய்த் தண்ணீரில் குளோரின் போட வழி செய்தது. 2019 தொடக்கத்துக்குப் பிறகு மூன்று வருடத்துக்கு மேல் சோதனையில் உறுதியான காலரா ஒன்றுகூட இல்லை. 2022 அக்டோபரில் மறுபடி வந்தது வேறு சோகம்.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என் படத்தில் ஒரே இடத்தில் புள்ளிகள் குவிந்து கிடந்தன. கதவு எண் இல்லாதவர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி விலாசத்தையே யாரோ போட்டிருக்கிறார்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு இரண்டு நாள் தெருத்தெருவாக நடந்தேன். புள்ளிகளை அந்தந்த வீட்டில் வைத்ததும் அவை ஒரு நீளமான கோடாக நின்றன. மேலத் தெருவின் கடைசியில் ஒரு அக்கா வீட்டு வாசலில் பள்ளம் தோண்டி, பைப்பை அறுத்து, அதற்குள் குடம் இறக்கிப் பிடிக்கிறார். மேலே தண்ணீர் ஏறுவதில்லையாம். பள்ளம் நிறைய மழைத்தண்ணீர், அதில் ஒரு குழந்தையின் செருப்பு மிதந்தது. சப்ளை நின்றால் அந்தத் தண்ணீரெல்லாம் பைப்புக்குள்தானே போகும். பக்கத்து நான்கு வீட்டிலும் அதே பள்ளம்.

அந்த லைன் நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் போட்டது. எங்கெங்கே சாக்கடையைத் தாண்டுகிறது, வால்வு எங்கே இருக்கிறது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. உனக்கு நினைவிருப்பதை ஒரு தாளில் கோடு போட்டு அனுப்பு. அளவு சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் புள்ளிகளின் மேல் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். கடிதத்துக்குக் காத்திருக்காமல் வாட்ஸப்பிலேயே அனுப்பிவிடு.

அன்புடன்,
ரவி