பிழை திருத்தும் பேனாவைச் சற்று மூடி வைப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரை நாள்தவறாமல் நிரப்பும் வாசகன் நான். அச்சகமொன்றில் நெடுங்காலம் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவன். நான்காம் வகுப்பில் படிக்கும் என் பேத்தியும் நானும் கடந்த ஓராண்டாக ஆடிவரும் சில சொல் விளையாட்டுகளைப் பற்றியும், அதையொட்டித் தங்களிடம் வைக்க விரும்பும் ஒரு வேண்டுகோளைப் பற்றியும் எழுதவே இக்கடிதம்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் தானாக எழுதிய முதல் கதை அரைப்பக்கம் இருந்தது. கைப்பழக்கத்தால் அதில் 11 இடங்களில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்தேன். அதன்பின் எழுதச் சொன்னபோதெல்லாம், "நீங்க சிவப்பாக்கிடுவீங்க தாத்தா" என்று சொல்லி ஓடிவிடுவாள். கதை எப்படி இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. விளையாடும் நேரத்தில் யாரும் யாரையும் திருத்தக்கூடாது என்ற விதியை அன்று எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.

எங்கள் முதல் விளையாட்டுப் பொருள் தங்களுடைய பழைய இதழ்களே. தலைப்புச் செய்திகளைச் சொல் சொல்லாக வெட்டித் தரையில் பரப்பி, கலைத்து, புதிய தலைப்புகள் அமைப்போம். ஒருநாள், 'மழை பாலத்தைத் திறந்து வைத்தார்' என்று அடுக்கிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு 'வைத்தார்' என்பதை எடுத்துவிட்டு 'வைத்தது' எங்கே என்று தேடினாள். உயர்திணை, அஃறிணை என்ற பெயர்களை நான் உச்சரிக்கவே இல்லை. "மழை ஒரு பெரிய மனிதராக இருந்தால்?" என்று மட்டும் கேட்டேன். மழை மாலையோடு வந்து பாலத்தைத் திறந்து வைத்து நனைந்த உரையாற்றும் கதை ஒன்று அன்றிரவே எழுதப்பட்டது. எழுதச் சொன்னவர் யாரும் இல்லை.

ஒரு சொல் முடியும் எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் ஆட்டம் பலருக்கும் தெரிந்ததே. ஆனால் தமிழில் அது விரைவில் முட்டிக்கொள்ளும். 'கடல்' என்று சொன்னால் 'ல்' என்ற மெய்யில் எந்தச் சொல்லும் தொடங்காது. ண, ழ, ள, ற, ன ஆகிய வரிசைகளும் மொழிக்கு முதலில் வருவதில்லை. அதனால், தொடங்க முடியாத எழுத்து வந்தால் அதற்குள் இருக்கும் உயிரையோ, மெய்யாயின் அதற்கு முந்தைய எழுத்தின் உயிரையோ எடுத்துக்கொள்ளலாம் என்று விதியை மாற்றினோம். கடலிலிருந்து 'அ' கிடைக்க, அதிலிருந்து 'அணி', அதன் 'ணி'க்குள் இருக்கும் இகரத்திலிருந்து 'இறகு' என்று ஆட்டம் ஓடும். உயிரும் மெய்யும் சேர்ந்தே உயிர்மெய் என்பதை வாய்பாடாக ஒப்பித்தபோது விளங்காதது, வெல்ல வேண்டும் என்ற அவசரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது. லாரி, டயர் ஆகியவற்றை ஏற்க வேண்டும் என்று அவள் வாதாடினாள். ஏற்றுக்கொண்டேன், சொற்கள் வேறு மொழிகளிலிருந்து வந்து தங்கும் செய்தியைப் பேச அது வழிசெய்ததால்.

எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் 'ஸ்கிராபிள்' போன்ற ஆங்கிலச் சொல்லாட்டப் பலகைகளைத் தமிழுக்கு அப்படியே மாற்ற முயல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 26 எழுத்துகளுக்குப் பொருந்தும் வில்லைகள் 247 எழுத்துகளுக்குப் பொருந்தா. அதைவிட, நீண்ட சொல்லொன்றைத் தாளில் எழுதி அதன் எழுத்துகளைக் கொண்டு சிறு சொற்களைத் தேடுவது எளிது: 'தலைமையாசிரியர்' என்ற எட்டெழுத்துக்குள் தலை, சிலை, சிரி, யார், தயார் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. லகர, ளகர, ழகரக் குழப்பத்திற்கோ, மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கொண்டுவரும் போட்டி வைத்தோம். 'வழியில் வளி வீசியதால் காதில் வலி வந்தது' என்பது அவள் எழுதியது. வளி என்றால் காற்று என்பதை அகராதியில் தேடிப்பிடித்தவளும் அவளே.

இவற்றையெல்லாம்விட எழுத்துக்கு உதவியது ஓவிய விளையாட்டு. வீட்டிலுள்ள ஒரு பொருளின் பெயரைச் சொல்லாமல் அவள் எழுத்தில் வருணிக்க வேண்டும். எழுதியதை மட்டும் நம்பி நான் வரைவேன். 'நீளமாக இருக்கும், ஒரு கைப்பிடி உண்டு, மழையில் விரியும்' என்று எழுதினாள். நான் வேண்டுமென்றே ஒரு கோலை வரைந்து அதன் நடுவில் கைப்பிடியை ஒட்டினேன். "நடுவிலா இருக்கும்?" என்று கோபப்பட்டவளிடம், எங்கே இருக்கும் என்று தாளில் இல்லையே என்றேன். தாளைப் பிடுங்கி, 'கீழ் முனையில் வளைந்த கைப்பிடி' என்று சேர்த்தாள். எது விரியும், எந்த வடிவில் விரியும் என்றும் எழுதினாள். நான்காவது படிதான் குடையாயிற்று. ஒன்றைத் திரும்பத் திரும்ப எழுதிச் செம்மை செய்வது பெரியவர்களுக்கே கசக்கும் வேலை. கிறுக்கல் படத்தைப் பார்க்கும் குழந்தைக்கோ, என்ன விட்டுப்போயிற்று என்பது கண்முன்னே நிற்கிறது. 'முனை', 'வளைவு', 'மடிப்பு' போன்ற சொற்கள் தேவைப்பட்ட கணத்தில் வந்தவை என்பதால் அவளிடமே தங்கிவிட்டன.

இருபது நிமிடங்களுக்கு மேல் நாங்கள் ஆடுவதில்லை. அவள் இன்னும் ஒன்று என்று கேட்கும்போதே நிறுத்திவிடுவேன். எழுத்துப்பிழைகளை மறுநாள் வேறொரு வேளையில், இரண்டோ மூன்றோ மட்டும் பார்ப்போம். மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் வந்துவிட்டால் அது வேடமிட்ட தேர்வுதான், குழந்தைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி வேண்டுகோள். குறுக்கெழுத்துப் புதிரின் இன்றைய வடிவம் பிறந்ததே செய்தித்தாளில்தான். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் ஆர்தர் வின் அமைத்தது அது. 1930களில் 'ஸ்கிராபிள்' சொல்லாட்டப் பலகையை உருவாக்கிய ஆல்பிரட் பட்ஸ், எந்த எழுத்துக்கு எத்தனை வில்லை என்று முடிவுசெய்யச் செய்தித்தாள்களில் வரும் எழுத்துகளை எண்ணிப் பார்த்தார். ஆகவே தங்களிடம் கேட்பது முறையற்றதன்று என எண்ணுகிறேன். வாரம் ஒருநாள் சிறு கட்டங்களில் சிறுவர் புதிர் ஒன்றை வெளியிடுங்கள். அதன் குறிப்புகளைச் சிறுவர்களே எழுதி அனுப்பட்டும். விடை கண்டுபிடிப்பதைவிடக் குறிப்பு எழுதுவதற்குக் கூடுதல் சொற்கள் வேண்டும், சிக்கனமான வாக்கியமும் வேண்டும். முதலில் விடை அனுப்பியவருக்குப் பரிசு என்ற வழக்கத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் வெல்வது பெரும்பாலும் பெற்றோர்.

என் பேத்தி முதல் குறிப்பை எழுதியே வைத்திருக்கிறாள். எழுத்தொன்றும் மாற்றாமல் தருகிறேன்: 'காலையில் எல்லாரும் தேடுவார்கள், மாலையில் யாரும் தேடமாட்டார்கள், நான் வெட்டி வெட்டி விளையாடுவேன். நான்கெழுத்து.'

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்