கொழிஞ்சியைக் கொல்லாதீர்கள்: மாந்தோப்புக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி மாவட்டத்து மா விவசாயிகளுக்கு வணக்கம்.

போன வாரம் போச்சம்பள்ளியிலிருந்து சந்தூர் பக்கம் வண்டியில் போனேன். வழியில் பல தோப்புகளில் களைக்கொல்லி அடித்து மரத்தடி கருகிக் கிடந்தது. கருகியதில் முக்கால்வாசி கொழிஞ்சி, மண்ணுக்கு உரமாகும் ஊதாப் பூச்செடி. வயிறு எரிந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தாத்தாக்கள் கொழிஞ்சியைக் கட்டுக்கட்டாக அறுத்து வந்து நெல் வயலில் போட்டு மிதித்தவர்கள். யூரியா மூட்டை வந்ததும் அது நமக்குக் களையாகிவிட்டது.

மழை பெய்த மறுநாள் ஒரு செடியைக் கொத்தால் தோண்டி எடுத்து, மண்ணை மெதுவாக உதறிப் பாருங்கள். வேரில் கடுகு கடுகாக முடிச்சு இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். காற்றில் இருக்கும் தழைச்சத்தை அங்கே நுண்ணுயிர்கள் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். நாம் காசு கொடுத்து மூட்டையில் வாங்குவதும் அதே சத்துதான். வேர் ஆழமாக இறங்குவதால் நம் சரளை மண்ணிலும், மழை பொய்த்த வருஷத்திலும் தாக்குப்பிடிக்கும். ஆடுமாடும் அவ்வளவாக வாய் வைக்காது.

அப்புறம் அந்த ஊதாப் பூ. தேனீ வந்து உட்கார்ந்ததும் கீழிதழ் தாழும், உள்ளிருக்கும் மகரந்தம் அதன் வயிற்றில் ஒட்டும். காலையில் தோப்பில் உட்கார்ந்து இதைப் பார்த்தாலே பொழுது போய்விடும். மாம்பூவில் காய் பிடிக்க வைப்பதும் ஈயும் தேனீயும்தானே? மா பூப்பது தை, மாசியில் சில வாரங்கள்தான். மற்ற மாதங்களில் மரத்தடியையும் மொட்டையாக்கிவிட்டால் அவை எங்கே போகும்?

நான் கேட்பது இதுதான்: மருந்து அடிக்காதீர்கள். பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். ஆனால் வரப்போரமாக ஒரு பட்டையை உழாமல் விட்டுவிடுங்கள், விதை விழட்டும். ஒருமுறை பிடித்துவிட்டால் அடுத்த மழைக்குத் தானாகவே முளைக்கும்.

புதிதாக விதைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விதையின் தோல் கெட்டி. மணலோடு சேர்த்துத் தேய்த்த பிறகு தூவினால்தான் சீராக முளைக்கும். காயை வெயில் ஏறுவதற்குள் பறித்துவிடுங்கள். காய்ந்தால் முறுக்கிக்கொண்டு வெடித்து விதை சிதறிவிடும். விதை கிடைக்காதவர்கள் என் தோப்புக்கு வாருங்கள், ஒரு படி அளந்து தருகிறேன்.

அன்புடன்,
போச்சம்பள்ளி பக்கத்து மா விவசாயி